காதோரத்தில் வாஸ்லின்

நெதர்லாந்தில் லேவார்டன் ஊரின் ஆய்வுக்கூடம் முழுக்க எல்ஸ்காவின் கையைப் பற்றி ஒரு பேச்சு உண்டு. மற்றவர்கள் தூக்கினால் எலி துள்ளும், கடிக்கும், கையிலேயே மூத்திரம் பெய்து வைக்கும். எல்ஸ்கா தூக்கினால் அதே எலி மடியில் ஏறிய பூனை மாதிரி அடங்கிப்போகும். புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்களை, "முதல்ல போய் எல்ஸ்கா தூக்கறதைப் பாருங்க" என்று அனுப்பி வைப்பார்கள். அவளும் அதைக் கேட்டுக் காதில் விழாத மாதிரி முகத்தை வைத்துக்கொள்வாள். உள்ளுக்குள் பெருமைதான். பெருமைப்பட வேறு அதிகமாக எதுவும் அவளுக்கு வாய்க்கவில்லை.

என்ன வேலை என்று கேட்டால், "எலிக்கு நீச்சல் பரீட்சை வைக்கறேன்" என்பாள். உண்மையும் அதுதான். வட்டமான பெரிய தொட்டி. வெதுவெதுப்பான தண்ணீர். உள்ளே இருப்பது தெரியாதபடி வெள்ளைச் சாயம் கலந்து பால் மாதிரி ஆக்கியிருப்பார்கள். தண்ணீர் மட்டத்துக்குக் கொஞ்சம் கீழே எங்கோ ஓரிடத்தில் ஒரு சின்ன மேடை. எலியை விட்டால் அது நீந்தித் தேடி அந்த மேடையில் ஏறி நிற்க வேண்டும். மறுநாள் விட்டால் இடம் நினைவில் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். நினைவில் இருக்கிற எலி நேராகப் போகும். இல்லாத எலி ஓரமாகவே சுற்றிச் சுற்றி வரும். எல்ஸ்கா நேரத்தைக் குறித்துக்கொண்டு, எலியை எடுத்துத் துடைத்து, கூண்டில் விடுவாள்.

அந்த எலிகளுக்கு வந்திருப்பது பிறவி நோய். புரதத்தில் இருக்கும் ஒரு சரக்கை உடைக்க அவற்றின் ஈரலுக்குத் தெரியாது. அது இரத்தத்திலேயே தேங்கி மூளையைக் கெடுக்கும். மனிதர்களுக்கும் உண்டு. பிறந்த குழந்தையின் குதிகாலில் குத்தி எடுக்கும் சொட்டு இரத்தத்திலேயே கண்டுபிடித்துவிடுவார்கள். கண்டுபிடித்த நாளிலிருந்து இறைச்சி, மீன், முட்டை, பால், ரொட்டி எதுவும் ஆகாது. உருளைக்கிழங்கைக்கூடத் தராசில் நிறுத்துத்தான் போட வேண்டும். எல்ஸ்காவின் ஒரே மகன் யோரிட்டுக்கு அந்த நோய்.

யோரிட் பிறக்கும்போது அவள் ஒரு பாலாடைக்கட்டித் தொழிற்சாலையில் இருந்தாள். மகனுக்கு விஷமான பண்டத்தை நாளெல்லாம் புரட்டிப்போட்டுச் சம்பளம் வாங்க மனம் ஒப்பவில்லை. வேலையை விட்டாள். புருஷன் இந்தத் தராசு வாழ்க்கை பிடிக்காமல் அவளை விட்டான். நோயுள்ள பிள்ளைகளின் பெற்றோர் கூட்டம் ஒன்றில் பேச வந்தவர்தான் டூக்கா. எலிகளை வைத்து இந்த நோயை ஆராய்கிறவர், நெட்டையான ஆள், ஒரே பழைய பச்சைச் சட்டை. கூட்டம் முடிந்ததும் எல்லாரும் மருந்து எப்போது வரும் என்று அவரைப் பிடுங்கினார்கள். எல்ஸ்கா ஒருத்திதான் எலிகளைப் பற்றிக் கேட்டாள். "அதுங்களுக்குப் பசிக்குமா? சாப்பாடு பிடிக்குதா?" அடுத்த மாதமே அவளை வேலைக்கு எடுத்துக்கொண்டார்.

பத்தொன்பது வருடம் ஆகிவிட்டது. டூக்கா அவளுக்கு மேலதிகாரி என்பது சம்பளச் சீட்டில்தான். மற்றபடி குடும்பத்தில் ஒருவர். அந்த ஊர்ப் பக்கம் பிறந்தநாள் என்றால் நாற்காலிகளை வட்டமாகப் போட்டு, பிறந்தவனுக்கு மட்டுமில்லாமல் வந்தவர்கள் ஒருவருக்கொருவர் கை குலுக்கி வாழ்த்துச் சொல்லி, ரோஜா நிறச் சர்க்கரை பூசிய கேக்கைத் தின்பார்கள். யோரிட்டின் பிறந்தநாளுக்கு வருகிறவர்கள் எதையாவது வாங்கி வந்துவிட்டு, "ஐயோ, இவன் இதைத் தின்னக் கூடாதில்ல?" என்று நாக்கைக் கடித்துக்கொள்வார்கள். டூக்கா மட்டும் வருடா வருடம் ஒரு பை நிறையக் குச்சி ஐஸ் கொண்டுவருவார். வெறும் தண்ணீரும் சர்க்கரையும்தான், அவன் எவ்வளவு வேண்டுமானாலும் தின்னலாம். குளிர்காலத்தில் பிறந்த பிள்ளைக்கு ஐஸ். இரண்டு பேரும் வாசலில் நின்று பல் கிட்டிக்கத் தின்பார்கள். அந்த ஒரு காரியத்துக்காகவே எல்ஸ்கா அவருக்காக எதையும் செய்வாள்.

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். இந்த நோய் வந்தால் முடிக்கு நிறம் ஏறாது. நல்ல எலி கறுகறுவென்று இருக்கும். நோயுள்ள எலி பீர் நிறத்தில் வெளுத்திருக்கும். அதற்கே கட்டுப்பாடான உணவு கொடுத்தால் சில வாரத்தில் ரோமம் கறுக்கும். அந்த உணவை நிறுத்திச் சாதாரண உணவு கொடுத்தால் புதிதாக முளைக்கிற ரோமம் திரும்ப வெளுக்கும். ஆக, எந்த எலி எந்தப் பக்கம் என்று பார்த்த மாத்திரத்தில் தெரியும். ஆனால் இந்த மாதிரிச் சோதனைகளில், நேரம் குறிக்கிறவருக்கு எந்த எலி எதுவென்று தெரியக் கூடாது என்பது விதி. அதனால் எல்லாரும் சேர்ந்து தெரியாது என்று வைத்துக்கொண்டார்கள். கூண்டில் எண் மட்டும் ஒட்டியிருக்கும். எல்ஸ்கா எதுவும் கேட்கமாட்டாள், டூக்கா எதுவும் சொல்லமாட்டார். "சோதித்தவர் அறியார்" என்று கட்டுரையில் கௌரவமாக எழுதிவிடுவார்கள். கண் முன்னால் வெளுத்துப்போய் நிற்கிற எலியைத் தெரியாது என்று சொல்ல எவ்வளவு படிப்பு வேண்டியிருக்கிறது பாருங்கள்.

இதை வீட்டுக்கும் கொண்டுவந்ததுதான் எல்ஸ்கா செய்த வேலை. காலையில் ஜன்னல் பக்கம் மகனை உட்காரவைத்துத் தலையைப் பார்ப்பாள். "முடி வெளுத்த மாதிரி இருக்கே. நேத்து பள்ளிக்கூடத்துல என்ன தின்ன?" என்பாள். "ஒண்ணும் தின்னலம்மா." "பொய் சொல்லாத. முடி பொய் சொல்லாது." மனிதர்களுக்கு எலி மாதிரி அவ்வளவு சுருக்காக நிறம் மாறாது என்று டூக்காவே சொல்லிப் பார்த்தார். அவள் கேட்கவில்லை. பதினாறு வயதில் ஒருநாள் யோரிட் தலையைக் கருநீலமாக்கிக்கொண்டு வந்து நின்றான். அடுத்து செம்பு நிறம், அடுத்து பச்சை. வயசுக் கோளாறு என்று எல்ஸ்கா விட்டுவிட்டாள். பள்ளி முடித்ததும் முடி அலங்காரம் படிக்கப் போனான். இப்போது வாய்க்கால் ஓரத்தில் ஒரு கடையில் வேலை, தனியாக ஓர் அறை. மூலிகைச் சாயம் மட்டுமே பூசுகிற கடை அது. கடையின் மேலங்கிகளை வாராவாரம் பையில் போட்டுத் துவைக்க அம்மாவிடம் கொண்டுவருவான். நனைந்த வைக்கோல் மாதிரி ஒரு வாசனை அடிக்கும். அந்த வாசனை வந்தால் ஞாயிற்றுக்கிழமை, மகன் வந்திருக்கிறான் என்று அர்த்தம்.

போன வசந்தத்தில் யோரிட் ஒரு செய்தியோடு வந்தான். பெல்ஜியத்தில் கெண்ட் நகரத்தில் ஒரு பெண்ணோடு பழக்கம். அங்கேயே ஒரு கடையில் வேலையும் கிடைத்திருக்கிறது. கோடை முடிந்ததும் போகிறான்.

எல்ஸ்கா அழவில்லை. "போ. ஆனா உசுரு இருக்கற வரைக்கும் சாப்பாட்டுக் கட்டுப்பாட்டை விடமாட்டேன்னு எனக்குச் சத்தியம் பண்ணிட்டுப் போ" என்றாள்.

"டாக்டர் சொல்றபடி செய்வேன். பெரியவனாயிட்ட, ரத்தத்தைப் பாத்துக்கிட்டே கொஞ்சம் தளர்த்திப் பாக்கலாம்னு அவரே சொல்றாரும்மா."

"டாக்டருக்கு என்ன தெரியும். நான் கண்ணால பாத்தவ. சின்னதுல ஒழுங்கா சாப்பிட்டு, பெருசானதும் நிறுத்தின எலிங்க என்ன ஆகுதுன்னு எனக்குத் தெரியும். நேத்து ஏறின மேடை இன்னைக்கு மறந்துபோகுது. சுத்திச் சுத்தி வருது, யோரிட். பாக்கச் சகிக்காது."

டூக்காவின் அப்போதைய ஆராய்ச்சியே அதுதான். வளர்ந்தபின் உணவை நிறுத்தினால் கற்கும் திறன் என்ன ஆகும்? நிறுத்தப்பட்ட எலிகள் தோற்றுப்போகின்றன என்று எல்ஸ்கா குறித்த நேரங்கள் சொல்லின. அவளைப் பொறுத்தவரை அது ஆராய்ச்சி இல்லை. மகனைப் பிடித்து வைத்திருக்கிற கயிறு. ஆறு வருடமாக அந்தக் கயிற்றைத்தான் இழுத்துக்கொண்டிருந்தாள்.

சத்தியம் செய்யாமலே யோரிட் எழுந்து போனான். ஆனால் அவள் பிறந்தநாள் வந்தபோது மறக்காமல் வந்து, சமையலறை நாற்காலியில் உட்காரவைத்து, நரைக்குச் சாயம் பூசிவிட்டான். பூசுவதற்கு முன்னால் காதோரத்தில் விரலால் வாஸ்லின் தடவினான். "இது எதுக்குடா?" "தோல்ல கறை பிடிக்காது. எங்க கடையில மத்தவங்க நெத்தியோட நிறுத்திடுவாங்க. நான் காது மடலுக்குப் பின்னாலயும் தடவுவேன்." அவன் விரல் பட்டபோது, தன் கைதான் இவனுக்கும் வந்திருக்கிறது என்று அவளுக்கு நினைப்பு ஓடியது.

அந்த வாரமே புதிய எலிகள் வந்தன. எல்லாமே கறுப்பு. வெளுத்த எலி ஒன்றுகூட இல்லை. எல்ஸ்காவுக்கு வாய் வரைக்கும் வந்தது, கேட்கவில்லை. கேட்கக் கூடாது என்பது விதி. இந்தத் தடவை எந்த எலிக்கும் உணவை நிறுத்தவில்லை போலிருக்கிறது என்று அவளாகவே முடிவு கட்டிக்கொண்டாள். டூக்கா வாசலில் நின்று, "எப்படி இருக்குதுங்க?" என்றார். "ராஜா மாதிரி இருக்குதுங்க" என்றாள். அவர் தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டார். உண்மையிலேயே அந்த எலிகள் ராஜா மாதிரிதான் நீந்தின. நான்காம் நாளே அத்தனையும் நேராக மேடைக்குப் போயின. ஞாயிற்றுக்கிழமை யோரிட்டிடம் பூரிப்போடு சொன்னாள். "பாத்தியா? எல்லாம் ஒழுங்கா சாப்பிடறதுங்க. ஒண்ணுகூட மறக்கல." அவன் எழுந்து காபிக் கோப்பைகளைக் கழுவப் போனான். கழுவிய கோப்பையையே திரும்பக் கழுவினான்.

கடைசி நாள். தொட்டியிலிருந்து ஓர் எலியை எடுத்து வெள்ளைத் துண்டில் சுற்றி நெஞ்சோடு அணைத்துத் துடைத்தாள். துண்டில் பழுப்பாக ஒரு கறை. ஏதாவது காயமா என்று பதறி முகத்தருகே கொண்டுபோனாள். இரத்த வாடை இல்லை. நனைந்த வைக்கோல் வாசனை.

இந்த வாசனைக்கு இங்கே என்ன வேலை? விலங்குக்கூடத்துக்கு வருமுன் உடம்பு முழுக்கக் குளித்து வேறு உடுப்புப் போட்டு வருகிறார்கள், வீட்டு வாசனை ஒட்டிக்கொண்டு வர வழியே இல்லை. எலியை விளக்குக்குக் கீழே திருப்பினாள். ரோமத்தை விரலால் பிரித்தாள். அடியில் பீர் நிறம். காது மடலுக்குப் பின்னால் பளபளவென்று ஏதோ. தொட்டாள். வழவழப்பு விரலில் ஒட்டியது.

இத்தனூண்டு காதுக்குப் பின்னால் வாஸ்லின் தடவ உலகத்தில் ஒருத்தனுக்குத்தான் தோன்றும்.

அவள் எலியைக் கூண்டில் விடப் போனாள். அது வரைக்கும் அவள் கையில் கடிக்காத அந்த எலி, அன்று கடித்தது.

டூக்கா காபி அறையில் தனியாக இருந்தார். பத்து மணிக் காபி, பக்கத்தில் ஒற்றை பிஸ்கட்.

"எலிக்குச் சாயம் பூசினது யாரு, டூக்கா?"

அவர் முகத்தில் ஈயாடவில்லை. "உக்காரு."

"நான் நின்னுக்கறேன். யாருன்னு எனக்குத் தெரியும். உன் வாயால சொல்லு."

"கட்டுரையைப் படிச்சவங்க ஒரு கேள்வி கேட்டாங்க, எல்ஸ்கா. வெளுத்த எலி எதுன்னு கண்ணுக்கே தெரியுதே, அப்புறம் சோதிச்சவருக்குத் தெரியாதுன்னு எப்படி எழுதறீங்கன்னு. என்கிட்ட பதில் இல்ல."

"என்கிட்ட இருந்தது. தெரியும்னு சொல்லியிருப்பேன். எனக்கும் தெரியும், உனக்கும் தெரியும். தெரியாத மாதிரி இருன்னு சொல்லிக் குடுத்தது நீ."

"சொன்னேன். தப்பு என் மேலதான்." அவர் பிஸ்கட்டை உடைத்தார், தின்னவில்லை. "அதனால நோயுள்ள எல்லா எலிக்கும் ஒரே கறுப்பு பூசி உன்கிட்ட குடுத்தோம். அதுல பாதி, உணவை நிறுத்தினதுங்க. உனக்கு முன்னாடியே சொல்லிட்டா அது சோதனையே இல்ல."

"அது எலிக்குச் சரி."

அவர் உடைந்த பிஸ்கட்டை ஓரமாகத் தள்ளி வைத்தார்.

"வேற யாருக்குத் தெரியும்? அனுமதி குடுக்கற குழு?"

"அவங்க அனுமதி இல்லாம சாயம் பூச முடியாது."

"கூண்டு கழுவற பொண்ணு?"

"தெரியும்."

அந்தப் பெண் இத்தனை நாளாகத் தினம் காலையில் அவளுக்கு வணக்கம் சொல்லிக்கொண்டிருந்தாள். கூடம் முழுக்க அவள் ஒருத்தியைக் கூண்டுக்குள் விட்டு, வெளியே நின்று நேரம் குறித்திருக்கிறார்கள்.

"நிறுத்தினதுங்க எப்படி நீந்திச்சு?" என்றாள். கேட்கும்போதே பதில் தெரியும். அவள்தானே பார்த்தாள்.

"மத்ததுங்க மாதிரியே." டூக்கா குரலைத் தாழ்த்தினார். "பழைய கேமராப் படத்தை எல்லாம் போட்டுப் பாத்தேன். கறுப்பு எலின்னா நெஞ்சோட அணைச்சுத் தொடைக்கற, மூச்சு அடங்கற வரைக்கும் வச்சுக்கற. வெளுத்த எலியைத் துண்டுல விட்டுட்டு மூஞ்சியைத் திருப்பிக்கற. நடுங்கிக்கிட்டேதான் அடுத்த சுத்துக்குப் போகுது அது. நடுங்கற எலி என்னத்தைக் கத்துக்கும்?"

இல்லை என்று சொல்ல அவள் வாயைத் திறந்தாள். வெளுத்த எலிகளை அவளால் பார்க்க முடிந்ததே இல்லை. ஒவ்வொன்றிலும், குதிகாலில் குத்தாமல் விட்டிருந்தால் தன் பிள்ளை என்ன ஆகியிருப்பான் என்பதுதான் தெரியும்.

"நிறுத்தினா ஒண்ணும் ஆகாதுன்னு இதுக்கு அர்த்தமில்ல" என்றார் டூக்கா அவசரமாக. "நமக்கு எதுவுமே தெரியலன்னுதான் அர்த்தம். முதல்லேருந்து செய்யணும், வேற கையை வச்சு. யோரிட்கிட்டயும் இதையேதான் தெளிவா சொல்லியிருக்கேன்."

"அவன்கிட்டயே முதல்ல சொல்லியாச்சா" என்றாள் எல்ஸ்கா. பச்சைச் சட்டையைப் பார்த்தாள். அந்தச் சட்டையின் கைப் பொத்தானை அவள்தான் ஒருமுறை தைத்துக் கொடுத்தாள். மேலங்கியைக் கழற்றி நாற்காலியில் போட்டுவிட்டு, சைக்கிளை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனாள். எதிர்க்காற்று. வழியெல்லாம் அவள் வாய்விட்டுத் திட்டிக்கொண்டே போனாள். டூக்காவைத் திட்டத் தொடங்கினால் பாதியில் குச்சி ஐஸ் நினைவுக்கு வந்து கெடுத்தது.

ஞாயிற்றுக்கிழமை மதியம் யோரிட் வந்தான். துணிப்பையை நீட்டினான். அவள் வாங்கவில்லை. பையைத் தரையில் வைத்துவிட்டு, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். விஷயம் தெரிந்துவிட்டது என்று டூக்கா சொல்லியிருப்பார்.

"டூக்கா மாமா கேட்டப்ப முதல்ல சிரிச்சேன்மா. எலிக்குச் சாயம் பூசத் தெரியுமாடான்னு கேட்டா யாருக்கும் சிரிப்பு வரும்."

"அப்புறம்?"

"அப்புறம் எதுக்குன்னு சொன்னாரு."

"எதுக்குன்னு தெரிஞ்சும் பூசின. பெத்தவளோட பொழப்புல மண்ணைப் போடறோம்னு தெரிஞ்சும்."

"ஆறு வருஷமா அந்த எலிங்களைக் காட்டித்தான மிரட்டிட்டு இருந்த. அதுங்க நிஜமாவே மறக்குதான்னு எனக்குத் தெரிய வேணாமா? என் மூளை இல்லையா அது?"

"என்கிட்ட சொல்லியிருக்கலாம்."

"சொன்னா நீ கேட்டிருப்பியா? என் பேச்சை என்னைக்கு நம்பின? முடியைத்தான நம்பின." அவன் தன் தலையைத் தொட்டுக் காட்டினான். "பதினாறு வயசுல ஏன் கருநீலம் அடிச்சுக்கிட்டு வந்தேன்னு நினைச்ச? ஸ்டைலுக்கா?"

அப்படியானால் அன்றைக்கே தொடங்கிவிட்டது. எலிகளுக்குப் பல வருடம் முன்பே ஒருத்தன் இதே வீட்டில், இதே மேசையில், தினம் காலையில் சாயம் பூசிய தலையோடு எதிரே உட்கார்ந்திருக்கிறான். அவளுக்குத் தெரியவில்லை.

"அப்ப எல்லாத்தையும் விட்டுடப் போற" என்றாள். "எலியும் போச்சு. இனி உன்னைக் கேக்க யாரு இருக்கா?"

யோரிட் தோள்பையிலிருந்து மருந்துப் பொடியை எடுத்தான். குவளையில் கொட்டி, தண்ணீர் விட்டுக் கலக்கினான். அந்த நாற்றம் சமையலறை முழுக்கப் பரவியது. பாலுக்கும் இறைச்சிக்கும் பதிலாகப் பிறந்ததிலிருந்து குடிக்கிற பானம், இன்றைக்கும் முகத்தைச் சுளித்துக்கொண்டுதான் குடித்தான். ஜன்னல் வெளிச்சம் அவன் தலையில் விழுந்தது. வகிட்டில் சாயம் போய் அடிமுடி முளைத்திருந்தது. எல்ஸ்காவின் கண் தன்னால் அங்கே போனது. வெளுப்பா, இல்லையா?

குவளையை இறக்கியவன் அதைப் பார்த்துவிட்டான்.

"பாத்தியா. மறுபடியும்."

அடுப்போரத்தில் கிடந்த கட்டம் போட்ட துண்டை எடுத்தான். தலையோடு முகத்தையும் சேர்த்து மூடிக்கொண்டான். துண்டுக்கு உள்ளேயிருந்து குரல் மட்டும் வந்தது.

"இப்ப கேளு. என்ன வேணும்னாலும் கேளு. பொய் சொல்லமாட்டேன்."

அவளிடம் எத்தனையோ வருடக் கேள்விகள் இருந்தன. பாலாடைக்கட்டி தின்றிருக்கிறாயா? எத்தனை நாள் குடிக்காமல் கொட்டினாய்? கெண்ட் போனால் என்ன செய்வாய்? அதையெல்லாம் கேட்கத்தான் வாயெடுத்தாள். வந்தது வேறு.

"டூக்கா உன்னைக் கேட்டப்ப, சரின்னு சொல்றதுக்கு எவ்வளவு நேரம் யோசிச்ச?"

துண்டு மூச்சுக்கு ஏற்ப உள்ளே போய் வெளியே வந்தது.

"யோசிக்கலம்மா" என்றான். "உடனே சரின்னுட்டேன்."

எல்ஸ்கா தலையாட்டினாள். துண்டுக்குள் இருந்தவனுக்கு அது தெரியவில்லை.